தாத்தாட தலை அளவு

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவில் அந்தக் காலத்தில் கருப்பம்மா என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருத்தி பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா. ஒருத்தி கீழ் வரிசை வீடுகளான பணிய லயத்து விதவை. மூன்றாமவள் மாரிசாமிக் கங்காணியின் கடைசித் தங்கச்சி வீராயி பெற்ற நாலாவது பெண். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மேல்மாடியில் வேலை பார்த்த முருகையாவின் பெண்சாதி. முருகையா வேறு யாருமில்லை, வீராயியின் நாத்தனார் மகன்தான். இவளை மற்ற இரண்டு பேரோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க, தோட்டத்தில் கம்பளிக் கருப்பம்மா என்று சொல்வார்கள்.

அந்தப் பெயர் வந்ததே ஒரு குழப்பத்தில்தான். பதினாலு வயதில் துரை பங்களாவுக்குத் துணி துவைக்கப் போனாள். போன மூன்றாம் மாதம் துரைசானியின் கம்பளிச் சட்டை ஒன்றைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு அலசிவிட்டாள். அழுக்கு நன்றாகப் போகட்டும் என்ற நல்லெண்ணம்தான். வெளியே எடுத்தால் சட்டை பொம்மைக்குப் போடுகிற அளவில் இருந்தது. துரைசானி அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதே விட்டாள். அன்றைக்கே கருப்பம்மாவை லயத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

நாலு வருஷம் கழித்து அந்தத் துரை மாறிப் போய், வேறு துரை வந்தார். அவருடைய துரைசானி இளம்பெண். விரல் தண்டி ஊசியால் தொளதொளவென்று கம்பளி பின்னுவாள். கருப்பம்மாவையே மறுபடி துணி துவைக்கக் கூப்பிட்டு, இதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் கசக்கு என்றாள். கருப்பம்மா பயந்து இளஞ்சூட்டில் நனைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். துரைசானிக்கு முகம் சுருங்கிவிட்டது. இன்னும் சுடவை, இன்னும் கசக்கு, இன்னும் சின்னதாக வேண்டும் என்று கையைக் காலை ஆட்டிக் காட்டினாள்.

"ஒரு தொரைசானி சுருங்கிப் போச்சேன்னு அழுதா. இன்னொரு தொரைசானி சுருங்கலையேன்னு அழுவுறா," என்று கருப்பம்மா புருஷனிடம் சொன்னாள். "இவங்களுக்கு என்னதான் வேணுமாம்?"

"அது என்ன செய்றாங்களாம்?"

"பெல்ட்டுங்கிறாங்க."

முருகையா ஒரு வருஷம் தனக்கு ஒரு இடுப்புப் பட்டை வரும் என்று காத்திருந்தான். துரைசானி சொன்னது பெல்ட் இல்லை, ஃபெல்ட். வந்தது வீட்டுக்குள் போடும் கம்பளிச் செருப்பு. பின்னல் தெரியாது, இழை தெரியாது. தோல் மாதிரி தடித்து, தண்ணீர் ஊற்றினால் உருண்டு ஓடியது. கத்தரியால் வெட்டினாலும் பிரியாது. ஏன் அப்படி ஆகிறது என்று கருப்பம்மாவுக்குக் கடைசி வரை விளங்கவில்லை. ஆனால் கைக்கு விளங்கிவிட்டது. எந்த நூல் சுருங்கும், எது சுருங்காது, அகலத்தில் கொஞ்சம்தான் குறையும், உயரத்தில் கண்ணை மூடித் திறப்பதற்குள் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்பதெல்லாம் கை கற்றுக்கொண்டது. கம்பளி அவிக்கிறது என்று அதற்கு அவளே ஒரு பெயர் வைத்தாள்.

எழுபத்தைந்தில் தோட்டங்களை இலங்கை அரசாங்கம் எடுத்தது. துரைசானி தடித்த ஊசி இரண்டைக் கருப்பம்மாவின் கையில் கொடுத்துவிட்டுக் கப்பலேறினாள். புதிதாக வந்தவர்கள் தங்கள் ஆட்களைக் கூட்டிவந்தார்கள். கருப்பம்மா முப்பத்தெட்டு வயதில் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேற வேண்டியதாயிற்று. பங்களாப் படியில் ஒருமுறை விழுந்ததில் இடது முழங்கால் பழுது. ஏறும்போது வலி, இறங்கும்போது அதைவிட வலி. மதியக் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் மற்றவர்கள் போய்ச் சேர்ந்து அரைமணி கழித்துத்தான் இவள் போய்ச் சேருவாள். கணக்கப்பிள்ளை சிவஞானம் பொல்லாதவர் இல்லை. ஆனாலும், "இப்படியே போனா எத்தன நாளைக்கு அரைப்பேர் போடுறது கருப்பம்மா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார். அரைப்பேர் என்றால் அரைநாள் கூலி.

உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று வேண்டும். அதைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

பதுளைக் கடைவீதியில் புஹாரி முதலாளியின் துணிக்கடைக்குக் குழந்தைகளின் கம்பளித் தொப்பி இரண்டு மூன்று பின்னிக் கொடுத்துவந்தாள். கடையில் தையல் விட்டது, பூச்சி அரித்தது எல்லாம் சரிபார்க்க ஒரு ஆள் தேவை என்று முதலாளி வாய்விட்டார். கருப்பம்மா அந்த வேலையைக் கேட்டதற்கு, "ஸுபைதாக்கிட்டப் பேசுங்க," என்றார். ஸித்தி ஸுபைதா அவருடைய மனைவி. வீடு கடைக்குப் பின்னாலேயே.

கருப்பம்மா போன அன்று ஸுபைதாவின் மடியில் ஒரு சிவப்புத் துருக்கித் தொப்பி கிடந்தது. கருப்புக் குஞ்சம் மட்டும் முழுசாக இருந்தது. மற்ற இடமெல்லாம் சல்லடை.

"இதப் பாருங்க கருப்பம்மா. முந்தி இது எங்கட மாமாட தொப்பி. பொறகு அலவிட வாப்பாட தொப்பி. இப்ப பூச்சிட தொப்பி."

அலவி அவளுடைய ஒரே மகன். பண்டாரவளையில் பெண் பேசி முடித்திருந்தார்கள். நிக்காஹுக்கு இன்னும் பதினைந்து நாள். அந்த வீட்டில் துருக்கித் தொப்பி இல்லாமல் எந்த மாப்பிள்ளையும் படியிறங்கியதில்லை. புதிதாக வாங்கலாமென்றால், அந்த வருஷங்களில் வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வருவதில்லை.

"இரவல் வாங்கலாமேம்மா."

"யாருக்கிட்ட? பதுள முழுக்க நாலு தொப்பி ஈக்கி. நாலையும் பண்டாரவளையாக்களுக்குத் தெரியும். இரவல் தொப்பியில மாப்பிள்ள போனா, பொண்ணு வீட்டு மாமிமாரு தொப்பிக்குத்தான் ஸலாம் சொல்லுவாங்க, தலைக்கில்ல."

கருப்பம்மா தொப்பியை வாங்கி ஓரத்தைப் பிய்த்துப் பார்த்தாள். நெய்ததில்லை. பின்னி அவித்ததுதான். துரைசானியின் செருப்பும் இதுவும் ஒரே சாதி.

"இது நான் செய்யலாம்மா," என்று வாய் முந்திக்கொண்டது.

"செஞ்சி காட்டுங்க. பொறகு கட வேலையப் பத்திப் பேசுவம்."

கடையின் பழைய இருப்பிலிருந்து ஏழு பந்து சிவப்புக் கம்பளி வந்தது. கருப்பம்மா ஒவ்வொன்றிலும் ஒரு நுனியை எரித்து மோந்தாள். ஐந்தில் மயிர் கருகிய வாடை அடித்தது. இரண்டு உருகிச் சொட்டியது. அது நைலோன், எத்தனை நாள் அவித்தாலும் சுருங்காது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளை எங்கே, தலையை அளக்க வேண்டும் என்றாள்.

"அவன் மொனராகலக் கடையில. கலியாணத்துக்கு ரெண்டு நாளைக்கி முந்தித்தான் வாற. அளவுக்கு அவன் எனத்துக்கு? தாத்தாட தலையும் அவன்ட தலையும் ஒரே அச்சு. தாத்தா உள்ளுக்குத்தான் ஈக்கிற. போய் அளந்துகொள்ளுங்க."

கருப்பம்மா உள்ளே போனாள். நடு அறையில் சாய்வு நாற்காலியில் ஒரு கிழவர் கழுத்துத் துண்டால் காதை மூடிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புஹாரி முதலாளியின் தகப்பனார் மொஹிதீன். காது மந்தம். இவரை ஸுபைதா சற்று முன் மாமா என்றாளே, இப்போது தாத்தா என்கிறாளே என்று ஒரு கணம் நெருடியது. முதலாளி வீட்டு முறை நமக்கெதற்கு என்று விட்டுவிட்டாள். பேரனுக்கும் தாத்தாவுக்கும் ஒரே தலை இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. மாரிசாமி மாமாவின் மூக்கு மூன்று பேரப்பிள்ளைகளின் முகத்தில் நடமாடிக்கொண்டிருந்தது.

"தாத்தா, தலைய அளக்கணுங்க."

"எனத்த?"

"தலைங்க."

கிழவர் அவள் கையிலிருந்த நூலைப் பார்த்தார். "கபனுக்குத் தலையயுமா அளக்கிற இப்ப? என்ட வாப்பாக்கு அளக்கல்லயே."

"ஐயோ, சாவுத் துணிக்கில்லீங்க. தொப்பிக்கு."

"தொப்பிக்கா?" அவர் முகம் மலர்ந்தது. "ஸுபைதாவா சொன்ன?"

"ஆமாங்க."

நூலின் ஒரு நுனியை இவள் பிடித்துக்கொள்ள, மற்றதைக் கிழவரே தலையைச் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். தொழுகைத் தொப்பியையும் கழுத்துத் துண்டையும் கழற்ற மாட்டேன், காற்றுப் படும் என்றார். அதற்கு ஒரு விரல் கழித்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

பத்து நாள், வேலை விட்டு வந்த பொழுதெல்லாம் பின்னினாள். இரட்டை இழை, தடித்த ஊசி, தளர்ந்த கண்ணி. லயத்து வாசலில் அது வளர வளரப் பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாகிவிட்டது. பக்கத்துக் காம்பராவில் இருந்தவள் ராசம்மா. வீராயியின் அண்ணன் மருமகள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன மதினி, மாட்டுக்குச் சாக்கா?"

"மாப்பிள்ளைக்குத் தொப்பி."

"எத்தன மாப்பிள்ளைக்கு?"

முருகையா அதைத் தன் தலையில் கவிழ்த்துப் பார்த்தான். தோள் வரை இறங்கியது. "உள்ளேருந்து பாத்தா நல்லாத்தான் இருக்கு," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அவித்தாள். மண்ணெண்ணெய்த் தகரத்தில் தண்ணீர் தளதளத்தது. மஞ்சள் சவர்க்காரத்தைச் சீவிப் போட்டு, சிவப்புச் சாக்கை முக்கி, கல்லில் வைத்துத் தேய்த்து, அடித்து, மலைத் தண்ணீர்க் குழாயான பீலியின் ஜில்லில் பிடித்து, மறுபடி கொதியில் போட்டாள். முதல் அரைமணி ஒன்றும் நடக்கவில்லை. எப்போதும் அப்படித்தான். ஒன்றும் நடக்கவில்லை, ஒன்றும் நடக்கவில்லை என்று பார்த்துக்கொண்டே இருக்கையில் திடீரென்று கைக்குள் கம்பளி இறுகத் தொடங்கும். அந்த நேரத்தில் வேறு பக்கம் திரும்பினால் போச்சு. கண்ணிகள் மறைந்து, சாக்கு வாளியளவாகி, வாளி தொப்பியளவானது. பூச்சாடி ஒன்றைக் கவிழ்த்து, துணி சுற்றி, நூல் முடிச்சுக்குச் சரியாக்கி, அதன்மேல் இழுத்து மாட்டிக் காயவைத்தாள். ராசம்மாகூட வாயைத் திறக்காமல் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை, காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் பதுளைக்குப் பஸ் ஏறினாள்.

ஸுபைதா தொப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண் கொஞ்சம் ஈரமானது.

"போட்டுப் பார்ப்பம். தாத்தாவக் கூப்பிடுங்க."

கருப்பம்மா கிழவரைப் பார்த்தாள். அவர் தன் நாற்காலியில் விழித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் குசினிப் பக்கத்திலிருந்து கையைத் துடைத்தபடி ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். மூத்த மகள் றஷீனா. முக்காட்டுக்கு மேலேயே தொப்பியை வாங்கி வைத்தாள். அது நெற்றியைத் தாண்டி, கண்ணைத் தாண்டி, மூக்கில் போய் நின்றது.

"உம்மா, லைட்ட போடுங்க," என்றாள் தொப்பிக்குள்ளிருந்து.

"எனத்த கருப்பம்மா இது? தாத்தாட தலையத்தானே அளக்கச் சொன்ன?"

"தாத்தாவத்தான் அளந்தேன்மா."

"எப்ப அளந்த? என்னய யாரும் அளக்கல்லயே," என்றாள் றஷீனா.

"உங்கள இல்லீங்க. தாத்தாவ." கருப்பம்மா கிழவரைக் காட்டினாள்.

"அது அப்பா."

"யாருக்கு அப்பா?"

"எங்களுக்கு. அலவிக்கும் எனக்கும் அப்பா. உம்மாக்கு மாமா."

"அப்ப முதலாளி?"

"அவரு வாப்பா."

கருப்பம்மாவுக்குத் தலை சுற்றியது. அப்பாவைப் பெற்றவர் எப்படி அப்பா ஆவார்? அந்த வீட்டில் பாட்டனுக்கு அப்பா, அக்காவுக்குத்தான் தாத்தா என்று பெயர் என்பதை றஷீனா அவளுக்கு மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் முறை புரிந்தது போலத் தலையாட்டினாள். மீசை வைத்த தாத்தாக்களாகப் பார்த்துப் பழகிய மனதுக்கு, முக்காடு போட்ட தாத்தா உள்ளே நுழையவே மாட்டேன் என்றது.

ஸுபைதா சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை நிக்காஹ். "இப்பவே தண்ணி வெக்கிறன். தாத்தாட தலைக்குச் சரியா வாறமாதிரி அவிச்சுத் தாங்க."

கருப்பம்மா அடுப்பை நோக்கி எழுந்தாள். பிறகு நின்றாள். தாத்தா என்றால் யார் என்றே தெரியாமல் ஒரு தரம் அளந்தாயிற்று. இரண்டு தலையும் ஒரே அச்சு என்று சொன்னதும் இதே ஸுபைதாதான்.

"மாப்பிள்ளையும் அக்காவும் ஒரே அளவுன்னு எப்பம்மா பாத்தீங்க?"

"சின்னதுல ஒரே தொப்பியத்தான் மாத்தி மாத்திப் போட்ட."

"சின்னதுலன்னா?"

"அலவிக்கு அஞ்சு வயசு."

"அப்ப நான் அவிக்க மாட்டேன்மா. மாப்பிள்ள தல வரட்டும்."

"நாளைக்கித்தான் வாறான். நாளைக்கி வீடு நெறய ஆள்."

"பெருசா இருந்தா குறைச்சிரலாம். குறைஞ்சு போனா ஆண்டவனாலயும் கூட்ட முடியாதுங்க. நூலும் மிச்சம் கொஞ்சந்தான் இருக்கு."

"சொன்ன வேலய செய்ய ஏலாட்டி, கட வேலக்கி எப்பிடி உங்கள நம்புற?"

கருப்பம்மா தொப்பியை முந்தானையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். செய்தது சரியா தப்பா என்று வழி முழுக்க யோசித்தாள். ஹாலிஎல வளைவில் சரி என்று பட்டது... அப்போதுதான் உறைத்தது, ஸ்பிரிங்வெளி பஸ் ஹாலிஎலப் பக்கமே போகாது. அத்தனை குழப்பத்தில் மாறி ஏறிவிட்டாள். இறங்கித் திரும்பி வந்து, ஸ்பிரிங்வெளி பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. கோவில் முனையில் கணக்கப்பிள்ளை எதிர்ப்பட்டார்.

"நாளைக்காவது வருவியா?"

"நாளைக்கும் டவுனுக்குப் போகணுங்க."

"நீ தோட்டத்து ஆளா, டவுன் ஆளான்னு முடிவு பண்ணிக்க. திங்கக்கெழம கேப்பேன்."

புதன்கிழமை அலவி வந்தான். வீடு கொள்ளாத சனம். பின்வாசலில் ஒரு முக்காலியில் அவனை உட்காரவைத்துத் தொப்பியை மாட்டினாள் கருப்பம்மா. காதில் இறங்கி உட்கார்ந்தது. கிழவரின் அளவைவிட அவன் தலை சின்னது. நூலால் அளந்து றஷீனாவின் தலையோடு ஒத்துப் பார்த்தாள். அதைவிட இரண்டு விரல் பெரியது. நேற்று அடுப்பில் போட்டிருந்தால் இன்றைக்கு அது ஒருவருக்கும் ஆகியிராது. ஸுபைதா அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தானே போய் அடுப்பை மூட்டினாள்.

ஒரு கொதி, ஒரு தலை. கொதியில் முக்குவாள், பிழிவாள், தேய்ப்பாள், ஆறவைத்து மாப்பிள்ளையின் தலையில் வைப்பாள், மறுபடி எடுப்பாள். நாலாம் தடவை காதுக்கு மேலே ஏறியது. கடைசித் தடவை இளஞ்சூட்டோடு தலையில் இறக்கி, தலையோடு வைத்தே உள்ளங்கையால் சுற்றிச் சுற்றி அழுத்தினாள். சிவப்புச் சாயம் நெற்றியில் இறங்கி மூக்கு வழியே சொட்டியது. அந்த நேரம் பார்த்துப் பண்டாரவளையிலிருந்து பலகாரத் தட்டோடு வந்த ஒரு பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தட்டை நழுவவிடப் போனார்.

"அது ரத்தமில்ல மாமா," என்றான் அலவி அசையாமல். "தொப்பி செய்ற."

"தலயிலயேவா?"

"வேற தலக்கி சரிவரல்ல."

கிழவர் மொஹிதீன் கம்பை ஊன்றி வந்து நின்றார். பேரனின் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அது என்ட தொப்பியல்லவா?" என்றார். "என்ட தலைய அளந்துதானே போன?"

கருப்பம்மாவுக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது. பதின்மூன்று நாளாக அந்த மனிதர் தனக்குத் தொப்பி வருகிறதென்று காத்திருந்திருக்கிறார்.

"உங்களுக்கும் செய்வாங்க மாமா," என்றாள் ஸுபைதா.

"எப்ப?"

ஸுபைதா கருப்பம்மாவைப் பார்த்தாள். கருப்பம்மா ஸுபைதாவைப் பார்த்தாள். இது வேலை கொடுத்த பேச்சா, கிழவரை ஆற்றுகிற பேச்சா என்று அவளுக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அலவி பழைய குஞ்சத்தைப் புதுத் தொப்பியில் ஆடவிட்டுக்கொண்டு பண்டாரவளைக்குப் போனான். பெண் வீட்டில் தொப்பியைப் பற்றி யாரும் ஒரு சொல் கேட்கவில்லையாம். அதுதான் வேண்டியிருந்தது. சனிக்கிழமை கருப்பம்மா கடைக்குப் போய் வேலையைப் பற்றிக் கேட்டாள். புஹாரி முதலாளி கலியாண அலுப்பில் கொட்டாவி விட்டுக்கொண்டே, "பாப்பம்," என்றார்.

பாப்பம் என்றால் என்ன? தோட்டத்தில் கணக்கப்பிள்ளை பார்ப்போம் என்றால் இல்லை என்று அர்த்தம். டாக்டர் ஐயா பார்ப்போம் என்றால் நாளைக்கு வா என்று அர்த்தம். முருகையா பார்ப்போம் என்றால் மறந்துவிட்டான் என்று அர்த்தம். முதலாளி வீட்டில்தான் அக்காவே தாத்தாவாக இருக்கிறாளே, அங்கே பாப்பத்துக்கு என்ன அர்த்தமென்று யாரைக் கேட்பது? ஞாயிறு முழுக்க அதையே அரைத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை பெரட்டுக் களத்தில் கருப்பம்மா கூடை இல்லாமல் நின்றாள்.

"பேர் போடவா, வேணாமா?" என்றார் சிவஞானம்.

"வேணாங்க."

"டவுன்ல வேல கெடச்சிருச்சா?"

"தெரியலீங்க. போய்த்தான் கேக்கணும்."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. ராசம்மா மட்டும் சிரிக்காமல், "மதினி, கெடைக்கலன்னா நாளைக்குச் சீக்கிரமா வந்து நில்லு," என்றாள். சிவஞானம் பேனாவை ஒரு கணம் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

கடை திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கருப்பம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலிலேயே நின்று கேட்டாள்.

"முதலாளி, நான் வேலைக்கு இருக்கேனா, இல்லையாங்க?"

புஹாரி முதலாளி துணி மடிப்பதை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"எனத்த கேள்வி இது? நேத்து சந்த நாள். நான் ஒத்த ஆளா நின்டு செத்துப் போன. நீங்க நேத்து ஏன் வரல்ல?"